நியூ ஆர்லியன்ஸ் நகரின் வரலாற்றையும் பண்பாட்டையும் பயில விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால் அமைந்திருக்கும் நியூ ஆர்லியன்ஸைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயன்றிருக்கிறேன். சில விடைகள் நீளமானவை. அந்த இடங்களில் சுருக்கினால் பிழையாகிவிடும் என்பதே காரணம்.

பல இனத்தார் வாழும் நகரங்கள் அமெரிக்காவில் எத்தனையோ இருக்க, குறிப்பாக நியூ ஆர்லியன்ஸை ஏன் படிக்க வேண்டும்?

1718இல் பியன்வில் என்ற பிரெஞ்சு அதிகாரி நிறுவிய இந்நகரம், 1762இல் ஓர் இரகசிய ஒப்பந்தத்தால் ஸ்பெயினுக்குக் கைமாறி, 1800இல் மறுபடியும் பிரான்சுக்கு உரியதாகி, 1803இல் லூசியானாப் பரப்பு முழுவதோடும் சேர்த்து 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பே இது பல பழங்குடியினர் கூடி வணிகம் செய்த இடம். சோக்டா மக்கள் இதை ‘புல்பாஞ்சா’, அதாவது பல மொழிகள் பேசப்படும் இடம் என்று அழைத்தார்கள்.

ஆனால் பல பண்பாடுகள் கலந்த ஊர் என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. யார் விரும்பிக் கலந்தார்கள், யாரை விலங்கு பூட்டிக் கொண்டுவந்து கலக்க வைத்தார்கள், கலந்த பிறகும் யாருக்கு எந்த வாசல் மூடியிருந்தது என்பவைதாம் உண்மையான கேள்விகள். அவற்றுக்கான விடைகள் இந்நகரத்தில் பத்திரங்களாகவும் ஊர்வலங்களாகவும் சமையலாகவும் இன்றும் கிடைக்கின்றன. நான் இந்நகரத்தைப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.

எங்கிருந்து தொடங்குவது?

மண்ணிலிருந்து தொடங்குங்கள். மிசிசிப்பி வெள்ளம் ஆண்டுதோறும் கரையோரத்தில் வண்டலைக் கொட்டி உயர்த்தியதால், இங்கே ஆற்றங்கரைதான் மேடு; ஆற்றைவிட்டு விலகி வடக்கேயுள்ள பான்சர்ட்ரெய்ன் ஏரியை நோக்கி நடந்தால் நிலம் தாழ்ந்துகொண்டே போகும். முதலில் குடியேறியவர்களும் வசதி படைத்தவர்களும் மேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பின்புறச் சதுப்பு நிலம் நெடுங்காலம் மனிதர் வாழத் தகாததாகவே கிடந்தது. 1913இல் பால்ட்வின் உட் என்ற பொறியாளர் வடிவமைத்த பெரிய பம்புகள் வந்த பின்னர் அந்தச் சதுப்பை வடித்து வீடு கட்டினார்கள். நீர் வற்றிய மண் அமுங்கியது. நகரத்தின் ஏறத்தாழ பாதி இன்று கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2005இல் கத்ரீனாப் புயலின்போது எந்தத் தெரு மூழ்கியது, எது மூழ்கவில்லை என்று காட்டும் வரைபடத்தையும் 19ஆம் நூற்றாண்டின் குடியிருப்பு வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய குடியிருப்பின் எல்லையையே வெள்ளம் பெரும்பாலும் திரும்ப வரைந்து காட்டியிருக்கும்.

ஊர்க்காரர்களிடம் வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்று சொல்ல மாட்டார்கள். ஏரிப்பக்கம், ஆற்றுப்பக்கம், ஆற்றின் மேல்திசை, கீழ்த்திசை என்பார்கள். ஆறு பிறைபோல வளைந்து ஓடுவதால் திசைகாட்டி அங்கே அவ்வளவாக உதவாது.

‘கிரியோல்’ என்றால் யார்?

ஒரே பொருளைத் தேடாதீர்கள். குடியேற்றக் காலத்தில், ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறக்காமல் இந்த மண்ணிலேயே பிறந்தவர் எவரும் கிரியோல்தான், வெள்ளையரானாலும் அடிமைப்படுத்தப்பட்டவரானாலும். அமெரிக்க ஆட்சி வந்தபின், ஆங்கிலம் பேசும் புதியவர்களிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டப் பிரெஞ்சு பேசிய கத்தோலிக்கர்கள் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு இனப்பாகுபாடு கடுமையானபோது, அது தமக்கு மட்டுமே உரியது என்று வெள்ளையர் வாதாடினார்கள். இன்று பெரும்பாலும் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழிவந்த கலப்பினக் குடும்பங்களைக் குறிக்கிறது. ஆகவே ஓர் ஆவணத்தில் இச்சொல்லைக் கண்டால் முதலில் அதன் ஆண்டைப் பாருங்கள்.

‘பிரெஞ்சு குவார்ட்டர்’ எனப்படும் பழைய நகரம் உண்மையில் பிரெஞ்சுக் கட்டடங்கள் நிறைந்ததா?

தெருக்களின் சதுரக் கட்டமைப்பு பிரெஞ்சுக்காரர்களுடையது. கட்டடங்கள் பெரும்பாலும் அப்படியல்ல. 1788, 1794 ஆகிய ஆண்டுகளின் பெருந்தீக்களில் பழைய மரவீடுகள் எரிந்துபோயின. அப்போது ஆண்டது ஸ்பெயின். கனத்த செங்கல் சுவரும் உள்முற்றமும் அந்தக் காலத்தில் வேரூன்றியவை. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் இரும்புப் பூவேலை மாடங்களில் பல, அமெரிக்க ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தவை.

அடிமை முறையின் வரலாற்றை இங்கே எப்படிப் படிப்பது? அடிமைப்படுத்தப்பட்டவர்கள் எழுதிவைத்தது மிகக் குறைவல்லவா?

மிகக் குறைவுதான். ஆனால் அவர்களைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். லூசியானாவில் பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் வந்த குடிமைச் சட்டம் நிலைத்ததால், சொத்து கைமாறும்போதெல்லாம் நோட்டரி முன்னிலையில் பத்திரம் எழுதப்பட்டது. அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் சொத்து. எனவே அவர்களின் பெயரும் வயதும் விலையும், பல வேளைகளில் ஆப்பிரிக்காவில் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்பதும் நோட்டரி ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. ஆங்கிலேயச் சட்டம் நிலவிய மாநிலங்களில் இவ்வளவு விவரம் கிடைப்பது அரிது.

ஒரு விற்பனைப் பத்திரத்தை மெல்லப் படித்துப் பாருங்கள். விற்பவர், வாங்குபவர் பெயர்களுக்குப் பிறகு ஒரு பெண்ணின் பெயர் வரும். குடும்பப் பெயர் இராது. வயது ‘ஏறத்தாழ’ என்றிருக்கும். துவைக்கத் தெரியும், சமைக்கத் தெரியும் என்று திறன்கள் வரும். அடுத்து உத்தரவாத வாசகம். குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற சட்டத்தின் கீழ் தொழுநோய், பைத்தியம், வலிப்பு ஆகியவை மட்டுமன்றி அடிக்கடி தப்பி ஓடும் வழக்கமும் ‘குறை’ எனக் கணக்கிடப்பட்டது. அந்த ஒரு சொல்லில் விற்பவருடைய அச்சமும் தெரிகிறது, அந்தப் பெண் எத்தனை முறை விடுதலையைத் தேடினாள் என்பதும் தெரிகிறது. எழுதியவர் பதிவு செய்ய நினைக்காததைப் படிக்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சி.

உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தை இந்நகரத்தில் இயங்கியது. வர்ஜீனியா போன்ற, தெற்கின் வடபகுதி மாநிலங்களிலிருந்து குடும்பங்களைப் பிரித்துக் கப்பலிலும் கால்நடையாகவும் கொண்டுவந்து கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்கு விற்றார்கள். வரலாற்றாசிரியர் குவெண்டலின் மிட்லோ ஹால் பல ஆண்டுகள் நீதிமன்றங்களிலும் காப்பகங்களிலும் அமர்ந்து, லூசியானாவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஏறத்தாழ 1,00,000 பேரின் விவரங்களைத் தரவுத்தளமாகத் தொகுத்து 2000இல் வெளியிட்டார். தம் முன்னோரின் பெயரை முதன்முதலாக அதில் கண்டெடுத்த குடும்பங்கள் உண்டு. இந்தத் துறையில் இதைவிடப் பெரிய தொண்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடிமை முறை நிலவிய அதே காலத்தில் இங்கே கறுப்பின மக்கள் சுதந்திரமாகவும் வாழ்ந்தார்கள் என்பது எப்படிச் சாத்தியம்?

ஸ்பானியச் சட்டம் அடிமைப்படுத்தப்பட்டவருக்கு ஓர் உரிமையைத் தந்தது: தன் விலையை மதிப்பிட்டுத் தருமாறு அதிகாரியிடம் கேட்டு, அந்தத் தொகையைச் செலுத்தி, உரிமையாளர் மறுத்தாலும் விடுதலை பெறலாம். காய்கறி விற்றும் துணி துவைத்தும் சேர்த்த காசில் தம்மையும் பிள்ளைகளையும் மீட்டுக்கொண்ட பெண்கள் பலர். இதனுடன், அடிமைப்படுத்தப்பட்டவர்கள் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்த ஹெய்திப் புரட்சியும் சேர்ந்தது. அங்கிருந்து கியூபாவுக்குத் தப்பியவர்கள் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு, 1809–10இல் 9,000க்கும் மேற்பட்டோர் இந்நகரத்தில் வந்திறங்கினார்கள். வெள்ளையர், சுதந்திரக் கறுப்பினத்தவர், அடிமைப்படுத்தப்பட்டவர் என அவர்கள் ஏறத்தாழ மூன்று சமபங்கினர். நகரத்தின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரு மடங்காயிற்று.

பழைய நகரத்தை ஒட்டிய ட்ரெமே பகுதியில் வீடு கட்டிக் குடியேறிய தச்சர்கள், கொத்தர்கள், தையற்காரர்கள், இசைஞர்கள் பலர் இந்தச் சமூகத்தவர். 1845இல் தங்கள் பிரெஞ்சுக் கவிதைகளைத் தொகுத்து ‘லே செனெல்’ என்ற நூலை வெளியிட்டார்கள். 1864இல் தொடங்கிய ‘நியூ ஆர்லியன்ஸ் ட்ரிபியூன்’, அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்திய முதல் நாளிதழ். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்தது. அதற்காக இவர்களின் வாழ்வை அழகுபடுத்திவிடவும் கூடாது. அவர்களிலும் சிலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1857இல் மாநிலச் சட்டம் விடுதலை அளிப்பதையே முற்றிலும் தடைசெய்தது.

ஜாஸ் இசை காங்கோ சதுக்கத்தில் பிறந்தது என்பது சரியா?

நேர்க்கோடாகச் சொன்னால் சரியில்லை. தொடர்பே இல்லை என்றாலும் சரியில்லை. ஞாயிறு ஓய்வு நாளில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் கூடிச் சந்தை நடத்தவும் ஆடிப்பாடவும் நகரின் பின்புறத் திடலைப் பயன்படுத்தினார்கள். 1817இல் நகராட்சி அத்தகைய கூட்டங்களை அனுமதிக்கப்பட்ட இடத்துக்குள் கட்டுப்படுத்தியது. அந்த இடமே காங்கோ சதுக்கம், இன்று ஆம்ஸ்ட்ராங் பூங்காவின் ஒரு மூலை. 1819இல் அவ்வழியே வந்த கட்டடக் கலைஞர் லட்ரோப், ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாக ஆடியதைத் தம் நாட்குறிப்பில் எழுதி, முரசுகளையும் கம்பி வாத்தியத்தையும் வரைந்தும் வைத்தார். அவருக்கு அந்த இசை பிடிக்கவில்லை. இருந்தாலும் அந்த ஓவியங்கள் இன்று நமக்குப் பெரும் சான்று.

ஜாஸ் உருவான 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த ஆட்டங்கள் மறைந்து ஒரு தலைமுறைக்கு மேலாகியிருந்தது. தேவாலயப் பாட்டு, தோட்டங்களிலிருந்து வந்தோரின் புளூஸ், கியூபத் தாளம், இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கக் கற்ற கிரியோல் இசைஞர்களின் கிளாரினெட், இறுதி ஊர்வலங்களின் பேண்டு வாத்தியம் எல்லாம் அதில் சேர்ந்தன. கடுமையான இனப்பிரிவினைச் சட்டம் கிரியோல்களையும் பிற கறுப்பினத்தவரையும் ஒரே மேடைக்குத் தள்ளியதும் ஒரு காரணம்.

அந்த இறுதி ஊர்வலத்தை ஒரு முறையாவது கவனித்துப் பாருங்கள். கல்லறைக்குப் போகும்போது பேண்டு மிக மெதுவாகத் துதிப்பாடலை வாசிக்கும். உடலை விடைகொடுத்து அனுப்பிய பின் பக்க முரசின் அடி மாறும். பின்னால் வருபவர்கள் குடையும் கைக்குட்டையும் சுழற்றி ஆடத் தொடங்குவார்கள். ஆடிவரும் அந்தக் கூட்டத்துக்குத்தான் ‘செகண்ட் லைன்’ என்று பெயர். பறையும் ஆட்டமுமாய் இறந்தவரை வழியனுப்பும் ஊர்களிலிருந்து வரும் நம்மவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள நெடிய விளக்கம் தேவைப்படாது. இதன் பின்னே நிற்பவை, மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் மாதச் சந்தா வசூலித்த கறுப்பினத்தவரின் பரஸ்பர உதவிச் சங்கங்கள்.

பிளெஸ்ஸி வழக்கை இந்நகரத்தின் வரலாறாகப் படிக்க வேண்டுமா, நாட்டின் வரலாறாகவா?

முதலில் நகரத்தின் வரலாறாக. 1890இல் லூசியானா, இரயிலில் இனவாரியாகத் தனிப்பெட்டிச் சட்டம் இயற்றியது. அதை எதிர்க்க ட்ரெமே பகுதிப் பிரமுகர்கள் குடிமக்கள் குழு ஒன்றை அமைத்து, நிதி திரட்டி, வழக்கையே திட்டமிட்டு உருவாக்கினார்கள். ஹோமர் பிளெஸ்ஸி செருப்புத் தைப்பவர். பார்வைக்கு வெள்ளையர்போல் இருப்பார். 1892 ஜூன் 7 அன்று முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து, தாம் கறுப்பினத்தவர் என்று தெரிவித்தார். கைதுசெய்ய வேண்டிய துப்பறிவாளரையும் குழுவே ஏற்பாடு செய்திருந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் இனவாரியாகப் பிரிக்கலாம் என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பின் நிழல், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அதே நீதிமன்றம் அறிவித்த 1954 வரை நீண்டது. 1960 நவம்பர் 14 அன்று இதே நகரத்தில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், கத்திக் கூச்சலிட்ட கூட்டத்தினூடே காவலர்களுடன் பள்ளிக்குள் நடந்து போனதையும் இதே தொடரில் வைத்துப் படியுங்கள். பிளெஸ்ஸிக்கு 2022 ஜனவரியில்தான் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

மார்டி கிராஸ் வெறும் களியாட்டம்தானே, அதில் ஆய்வுக்கு என்ன இருக்கிறது?

கத்தோலிக்கத் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைத் திருவிழா அது. 1857இல் தொடங்கிய வெள்ளையர் சங்க ஊர்வலங்கள் நெடுங்காலம் நகரத்தின் அதிகார வரிசையையே தெருவில் காட்டின. அதே நாளில், பின் தெருக்களில், ‘மார்டி கிராஸ் இந்தியர்கள்’ எனப்படும் கறுப்பினக் குழுக்கள் வெளிவருகின்றன. தப்பி ஓடிய தம் முன்னோருக்குப் புகலிடம் கொடுத்த பழங்குடியினரை மதித்து இவ்வேடம் பூணுவதாக அவர்கள் சொல்கிறார்கள். பழங்குடியினரை மேடையேற்றிய பஃபலோ பில் காட்சிக் குழு 1884–85 குளிர்காலத்தில் இங்கே தங்கியிருந்ததையும் இவ்வேடத்துக்கு ஒரு தூண்டுதலாக ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். நான் அக்குழுவினரின் சொல்லுக்கே முதலிடம் தருவேன்.

அவர்கள் உடையை அருகே நின்று பார்க்க வேண்டும். முரட்டுத் துணியில் படத்தை வரைந்து, சிறு மணிகளை ஊசியில் கோத்து ஒவ்வொன்றாகத் தைத்து, விளிம்பெங்கும் சாயமேற்றிய இறகுகளைப் பொருத்துகிறார்கள். பகலில் வேலைக்குப் போய்வந்த ஆண்கள் இரவில் சமையலறை மேசையில் அமர்ந்து ஓராண்டு தைக்கிறார்கள்; விரல்நுனி காய்த்துப்போகிறது. அடுத்த ஆண்டுக்குப் புதிய உடை தைத்தாக வேண்டும். இக்குழுக்களின் மூத்த தலைவர் ‘டூட்டி’ மோன்டானா, 2005 ஜூன் 27 அன்று, காவல்துறை தம் மக்களை நடத்தும் விதத்தைப் பற்றி நகர மன்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து இறந்தார். களியாட்டம் என்று தள்ளிவிடும் முன் இந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

உணவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா?

எச்சரிக்கையோடு கொள்ளலாம். ‘கம்போ’ என்ற குழம்பின் பெயரே வெண்டைக்காய்க்கான மத்திய ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதைக் கெட்டியாக்க வெண்டைக்காய் போடுவார்கள், அல்லது சோக்டா மக்கள் தந்த, சாசஃப்ராஸ் என்ற மரத்தின் இலைப்பொடியைத் தூவுவார்கள், அல்லது பிரெஞ்சு முறைப்படி கொழுப்பில் மாவைச் சிவக்க வறுத்துச் சேர்ப்பார்கள். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். அடுப்பருகே நிற்க நேரமில்லாததால் சிவப்பு ராஜ்மாவைக் காலையிலேயே மெல்லிய தீயில் ஏற்றிவிட்டுப் போனார்கள். இன்றும் திங்களன்று அதுவும் சோறும்தான். இவற்றையெல்லாம் இனிமையான கலப்பு என்று மட்டும் எழுதினால், அந்த அடுப்படியில் யார் கட்டாயத்தின் பேரில் நின்றார் என்பது காணாமற்போகும்.

ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் தவிர மற்றவர்களின் வரலாறு உண்டா?

உண்டு. ஐரோப்பியருக்குள்ளும் வரிசை உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1830களில் சதுப்பினூடே கால்வாய் வெட்ட அயர்லாந்து ஏழைகளை அமர்த்தினார்கள். காய்ச்சலில் செத்தால் முதலாளிக்கு இழப்பில்லை என்பதே கணக்கு. 1891 மார்ச் 14 அன்று 11 இத்தாலியர்களைச் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் கொன்றது. அதற்கு நகர மேயர் மன்னிப்புக் கேட்டது 2019இல்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்தின் ஹூக்ளிப் பகுதி முஸ்லிம் வணிகர்கள் பூவேலைத் துணி விற்க இங்கே வந்து, ட்ரெமே பகுதியில் தங்கி, சிலர் கறுப்பினப் பெண்களை மணந்துகொண்டார்கள். 1975க்குப் பின் வந்த வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் கிழக்கு நியூ ஆர்லியன்ஸில் குடியேறிக் கால்வாய்க் கரைகளில் கீரையும் காயும் பயிரிட்டார்கள். 2005 புயலுக்குப் பின் முதலில் திரும்பிய குடியிருப்புகளில் அவர்களுடையதும் ஒன்று. தங்கள் பகுதியருகே இடிபாடுகளைக் கொட்டத் திறந்த குப்பைக் கிடங்கைப் போராடி 2006இல் மூட வைத்தார்கள்.

தமிழருக்கும் இந்நகரத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடிக் குடியேற்றத் தொடர்பைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் 1719 முதல் 1731 வரை லூசியானாவை நிர்வகித்த பிரெஞ்சு இந்தியக் கம்பெனியே புதுச்சேரியையும் நடத்தியது. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணிகள், மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க விலைப்பொருளாகச் சென்றன. இதைப் படிக்கும்போது நம் கைத்தறிப் பெருமைக்குள் ஒரு முள் தைக்கும், தைக்கட்டும். பிரான்சின் எக்ஸான் ப்ரோவான்ஸ் நகரிலுள்ள குடியேற்ற நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் புதுச்சேரிக் கடிதங்களும் லூசியானாக் கடிதங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எந்த மொழிகள் தெரிந்திருக்க வேண்டும்?

1803க்கு முந்தைய காலத்துக்குப் பிரெஞ்சும் ஸ்பானியமும் இன்றியமையாதவை. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பத்திரங்கள் பிரெஞ்சில் தொடர்ந்தன. 1921 மாநில அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலத்தையே கட்டாயமாக்கியதால், பிள்ளைகள் பிரெஞ்சு பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தலைமுறையினரின் வாய்மொழிப் பதிவுகளைக் கேட்கும்போது அவர்கள் தயங்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கத்ரீனாப் புயலைப் பற்றி ஊர்மக்களிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அதையே முதல் கேள்வியாக வைக்காதீர்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று புயலைவிட, உடைந்த வெள்ளத்தடுப்புச் சுவர்களே நகரத்தின் 80 விழுக்காட்டை மூழ்கடித்தன. இயற்கைச் சீற்றம் என்று நீங்கள் தொடங்கினால் பலர் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுவார்கள். 2000இல் 4,84,674 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 3,83,997. திரும்பாதவர்களில் கறுப்பினத்தவரே மிகுதி.

தேடுதல் குழுவினர் அன்று ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் பெருக்கல் குறி ஒன்றைத் தெளிப்பான் வண்ணத்தில் வரைந்தார்கள். மேற்கட்டத்தில் தேதி, இடப்புறம் குழுவின் பெயர், வலப்புறம் அபாயங்கள், கீழே உள்ளே கண்டெடுத்த உடல்களின் எண்ணிக்கை. வீட்டைப் புதுப்பித்த பின்னும் சிலர் அந்தக் குறியை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதைப் படமெடுக்கும் முன் கதவைத் தட்டி அனுமதி கேளுங்கள்.

நேரில் செல்ல இயலாதவர் என்ன செய்யலாம்?

நகரப் பொது நூலகம், ‘ஹிஸ்டாரிக் நியூ ஆர்லியன்ஸ் கலெக்ஷன்’, துலேன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் காப்பகம், கறுப்பின வரலாற்றுக்கான அமிஸ்டாட் ஆய்வு மையம் ஆகியவை தம் தொகுப்புகளில் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. முழு நகரத்தையும் ஒரே மூச்சில் படிக்க முயல வேண்டாம். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெமே வழியே போகும் கிளெய்போர்ன் சாலையை நான் பரிந்துரைப்பேன். பழைய காப்பீட்டு வரைபடங்களில் அதன் நடுவே அகன்ற திட்டைப் பார்க்கலாம். அதில் நான்கு வரிசை ஓக் மரங்கள் நின்றன. மார்டி கிராஸ் அன்று கறுப்பினக் குடும்பங்கள் அவற்றின் நிழலில் கூடின. 1966இல் மேம்பாலத்துக்காக அந்த மரங்களை வெட்டினார்கள். பின்னர் ஊர்மக்கள் பாலத்தின் கான்கிரீட் தூண்களில் அந்த மரங்களையே வரைந்தார்கள். திருவிழா நாளில் இன்றும் அங்கேதான், பாலத்துக்கு அடியில்தான், கூடுகிறார்கள்.